மூன்றாவது ஆள்

எங்கள் குடும்பத்தில் ஒரு குழந்தை பிறந்தால் மூன்று பேர் வந்து பார்க்க வேண்டும். எல்லோர் வீட்டுக்கும்தான் ஆட்கள் வருவார்கள். பழம், பொம்மை, அளவு பார்க்காமல் வாங்கிய சட்டை என்று ஏதாவது கையில் இருக்கும். எங்கள் வீட்டில் மனம் போனபடி வாங்கிக்கொண்டு வர முடியாது. குழந்தையின் அத்தை பொன் கொண்டுவர வேண்டும். ஞானஸ்நானத்தில் பிள்ளையை ஏந்தும் ஞானத்தாய் சாம்பிராணி. கடைசியில் தாய்மாமன் வெள்ளைப்போளம். ஏசு பிறந்தபோது மூன்று ஞானிகள் பெத்லகேமுக்குக் கொண்டுபோனார்களே, அதே மூன்று, அதே வரிசை. கோயிலில் யாரும் இப்படிச் செய்யச் சொன்னதில்லை. சொந்தக்காரர்களைக் கேட்டால் எங்களுக்கு மறை கழன்றுவிட்டது என்பார்கள். இருந்தாலும் நாங்கள் விடவில்லை.

பொன் என்றால் மிளகு அளவுக்கு ஒரு மணி. ராஜாவுக்குக் கொடுப்பது. எங்கள் வீட்டு ராஜாக்கள் எல்லாம் வாடகை வீட்டில் காலம் தள்ளுகிறவர்கள், அது வேறு விஷயம். சாம்பிராணி கடவுளுக்கு. ஞானஸ்நானத்தன்று கொளுத்துவதோடு தீர்ந்துவிடும். மிச்சமிருப்பது போளம். பேரில்தான் வெள்ளை; பார்க்கக் காய்ந்துபோன கோந்துக் கட்டி போலப் பழுப்பாக இருக்கும், வாயில் வைத்தால் அப்படிக் கசக்கும். அந்தக் காலத்தில் இறந்தவர்களை அடக்கம் செய்யும்போது அதைத் துணிக்குள் வைத்துச் சுற்றுவார்களாம். பிறந்த பிள்ளைக்கு எதற்கு இந்தக் கண்றாவி என்று சின்ன வயதில் என் அத்தையிடம் கேட்டேன். “அவருக்கே குடுத்தாங்கடா. நீ என்ன அவருக்கு மேலயா?” என்றாள். போளத்தை ஒரு சின்னக் குப்பியில் போட்டு வைத்திருப்போம். அவரவர் குப்பி அவரவர் சவப்பெட்டியோடு போகும். என்னுடையது அலமாரியில் டார்ச் பேட்டரிகளுக்கு நடுவில் கிடக்கிறது.

இதில் இன்னொரு பேச்சும் உண்டு. மூன்றாவது ஆள் வந்து போளத்தைக் கொடுத்தால்தான் பிறப்பு முடிந்தது என்பார்கள். நான் பிறந்தபோது என் மாமாவுக்கும் அப்பாவுக்கும் ஏதோ மனத்தாங்கல். நான் குப்புறக் கவிழ ஆரம்பித்த பிறகுதான் மாமா வந்தார். அதனால் நான் எதற்குத் தாமதமாகப் போனாலும், “இவன் பொறந்து முடிக்கவே அவ்வளவு நாள் ஆச்சு, விடுங்க” என்பார் அப்பா. வீடே சிரிக்கும். என் தங்கைதான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரிப்பாள்.

அவளுக்குக் கல்யாணமாகி வெகுகாலம் பிள்ளை இல்லை. இரண்டு முறை கரு தங்கவில்லை. அடுத்த முறை தங்கிவிட்டது என்று தெரிந்த அன்றே நான் மூலிகைக் கடைக்குப் போய் நல்ல கட்டியாகப் பார்த்து வாங்கினேன். எனக்குச் சோபா வேலை. பழைய சோபாவைப் பிரித்து, ஸ்பிரிங் மாற்றி, ஃபோம் ஒட்டி, புதுத் துணி போட்டுத் தைத்துக் கொடுப்பேன். பட்டறையில் ஆணி டப்பாக்களுக்குப் பக்கத்தில் அந்தக் குப்பியை வைத்திருந்தேன். தங்கை வரும்போதெல்லாம் அதை எடுத்து ஆட்டிப் பார்ப்பாள். “மாமா இந்தத் தடவ ரெடியா இருக்காரு. நீ அவசரப்படாம வா” என்று வயிற்றைத் தடவிக்கொண்டு சொல்வாள்.

அவன் அவசரப்பட்டுவிட்டான். மாதம் நிறைய வெகு நாள் இருக்கும்போதே வந்துவிட்டான். என் உள்ளங்கையில் படுக்க வைத்தால் கால் மட்டும்தான் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான் பிள்ளை. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, வாயில் குழாய் விட்டு, மெஷின்தான் மூச்சுக் கொடுத்தது.

மாப்பிள்ளையின் அக்கா பொன்மணியைச் சிவப்பு நூலில் கோத்துக் கொண்டுவந்தாள். பெட்டிக்குள் எதையும் வைக்கக் கூடாது என்றாள் நர்ஸ். பிறகு பாவம் பார்த்து, வெளிப்பக்கக் கண்ணாடியில் பிளாஸ்திரி போட்டு ஒட்டிக்கொடுத்தாள். ஞானத்தாய், என் தங்கையோடு வேலை பார்க்கிறவள், சாம்பிராணிப் பொட்டலத்தோடு தீப்பெட்டியையும் எடுத்தாளாம். நர்ஸ் பாய்ந்து தீப்பெட்டியைப் பிடுங்கிக்கொண்டாளாம். “இங்க ஆக்சிஜன் போகுதும்மா. கொளுத்தினீங்கன்னா வார்டே மிஞ்சாது.” பொட்டலம் கொளுத்தப்படாமலே பெட்டியின் மேல் இருந்தது. ஃபாதர் வந்து, கை விடும் வட்ட ஓட்டை வழியாகச் சொட்டு மருந்துக் குழாயால் நெற்றியில் தண்ணீர் விட்டு ஞானஸ்நானம் கொடுத்தார். மூன்றே சொட்டு. அதற்கே அவன் உடம்பு சுருங்கியது.

அடுத்தது நான். சட்டைக்கு மேல் அவர்கள் கொடுத்த அங்கியை மாட்டிக்கொண்டு, கை கழுவி, குப்பியோடு கதவைத் தள்ளினேன். பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தங்கை என்னைப் பார்த்ததும் கையை உயர்த்தினாள்.

“அண்ணா, உள்ள வராத.”

“ஏம்மா?”

“நீ வந்தா முடிஞ்சிரும். வெளியவே இரு. நீ வராத வரைக்கும் இவன் இன்னும் பொறந்துக்கிட்டேதான் இருக்கான். பொறந்து முடிக்காதவன் எப்படிச் சாவான்?”

அப்பாவின் கிண்டலைத்தான் சொல்கிறாள் என்று நினைத்து நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. கை அப்படியே உயர்ந்திருந்தது. நான் பின்வாங்கிக் கதவைச் சாத்தினேன்.

அன்றிலிருந்து நான் வராந்தாவில் உட்கார்ந்தேன். நீளமான பெஞ்சு, பிளாஸ்டிக். உட்காருகிறவனை ஜென்மப் பகையாளியாக நினைத்து எவனோ செய்தது. எதிரே கை கழுவும் முறையைப் படம் போட்டு விளக்கும் போர்டு, குடிதண்ணீர் மெஷின், சத்தமில்லாமல் ஓடும் டிவி. பட்டறையைப் பூட்டிவிட்டு வந்திருந்தேன். “சோபாவ பிரிச்சுப் போட்டுட்டுப் போயிட்டீங்க, நாங்க தரையில உக்காந்திருக்கோம்” என்று ஒருவர் தினமும் போன் செய்வார். வீட்டுக்குப் போகவும் மனம் வரவில்லை. எனக்கு இந்த நம்பிக்கை எதுவும் கிடையாது. ஆனாலும் நான் எழுந்து போன சமயத்தில் ஏதாவது ஆகிவிட்டால் என்ற பயம் மட்டும் இருந்தது. நம்பிக்கைக்கும் இந்தப் பயத்துக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

முதலில் எல்லாம் நன்றாகத்தான் போனது. பிழைக்காது என்று சொன்ன பிள்ளை பிழைத்துக் கிடந்தான். அத்தை எனக்குச் சாப்பாடு கொண்டுவந்து கொடுத்து, “அசையாம உக்காருடா” என்பாள். மாப்பிள்ளை கையைப் பிடித்துக்கொண்டு, “மச்சான், உங்க புண்ணியம்” என்றார். பெஞ்சில் சும்மா உட்கார்ந்ததற்குப் புண்ணியம் கிடைத்தது அதுதான் முதல் தடவை.

பிறகு தலைக்குள் ரத்தம் கசிந்தது. டாக்டரம்மா மாப்பிள்ளையை வராந்தாவுக்குக் கூப்பிட்டுப் பேசினாள். பெஞ்சிலிருந்து எனக்கு எல்லாம் கேட்டது. மூளையில் பெரிய ரத்தக் கசிவு, சிறுநீரகமும் நின்றுவிட்டது, மெஷினை எடுத்தால் போய்விடுவான், எடுக்காவிட்டாலும் போகத்தான் போகிறான். “இனிமே நாங்க செய்யறது எதுவும் அவனுக்கு வைத்தியம் இல்ல. தொந்தரவுதான். குழாயை எடுத்துட்டு அம்மா மடியில குடுத்துரலாம். நீங்க ரெண்டு பேரும் சரின்னு சொல்லணும்.”

மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு, “அவளக் கேளுங்க” என்றார்.

டாக்டரம்மா உள்ளே போய்த் திரும்பி வந்தாள். “உங்க மனைவி, அண்ணன் வரட்டும்னு சொல்றாங்க. எங்க இருக்காரு? வெளிநாட்டுலயா?”

மாப்பிள்ளை மென்று விழுங்கினார். “வந்துக்கிட்டிருக்காரு.”

நான் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். கையெட்டும் தூரம். மாப்பிள்ளை என் பக்கம் திரும்பவே இல்லை. அடுத்த நாளும் டாக்டரம்மா கேட்டாள், அதற்கடுத்த நாளும் கேட்டாள். “ஃப்ளைட் டிக்கெட் கிடைக்கலையா?” என்றாள் ஒருமுறை, நிஜமான அக்கறையோடு. நான் வேறு யாரோ நோயாளிக்குத் துணைக்கு வந்தவன் என்று நினைத்திருப்பாள் போல. போகும்போது என்னைப் பார்த்துச் சின்னதாகத் தலையாட்டிவிட்டுப் போவாள்.

மூன்றாம் நாள் சாயங்காலம் மாப்பிள்ளை வந்து பெஞ்சின் மறு ஓரத்தில் உட்கார்ந்தார்.

“மச்சான், நீங்க உள்ள போயிருங்க.”

“அவ வரக்கூடாதுன்னு சொல்லியிருக்கா.”

“நீங்க போனா அவ ஒத்துக்குவா. வேற யார் சொன்னாலும் ஏறாது. டாக்டர் சொல்லிப் பாத்தாச்சு.”

“நீங்க சொல்லிப் பாத்தீங்களா?”

அவர் முழங்காலைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். நல்ல மனிதர், கோழை. நான் மட்டும் என்ன, அதே பெஞ்சில்தானே உட்கார்ந்திருந்தேன்.

அத்தையைக் கேட்டேன். “தாய்மாமன் கடம அது. எப்பவாவது செஞ்சுதான ஆகணும்” என்று பூசி மெழுகினாள். முந்தின வாரம் அசையாமல் உட்காரச் சொன்ன அதே வாய். என் வீட்டுக்காரி மட்டும்தான் உள்ளதைச் சொன்னாள்.

“போகாதீங்க. ஆளாளுக்குத் தப்பிச்சுக்கப் பாக்குறாங்க. நீங்க போனீங்கன்னா, நீங்க போனதாலதான் போச்சும்பாங்க. காலத்துக்கும் உங்க தலையிலதான் விடியும்.”

“தங்கச்சி அப்படி நெனைக்க மாட்டா.”

“அவதான் மொதல்ல நெனப்பா” என்றாள்.

ஃபாதர் வந்தபோது அவரையும் பிடித்துக்கொண்டேன். மெஷினை எடுப்பது பாவமா என்று கேட்டேன். சாகிற உயிரைப் பிடித்து வைத்து வதைக்கச் சபை சொல்லவில்லை என்றார். அதுவரை தெளிவாகத்தான் பேசினார். பிறகு என் சட்டைப்பையில் துருத்திக்கொண்டிருந்த குப்பியைப் பார்த்துவிட்டு, எனக்கு ஆறுதல் சொல்ல நினைத்தார்.

“வெள்ளைப்போளம் சாவுக்கு மட்டும் இல்லப்பா. அது மருந்து. சிலுவையில அறையறதுக்கு முன்னாடி, திராட்சரசத்துல கலந்து அவருக்குக் குடுத்தாங்க. வலி தெரியாம இருக்கறதுக்கு.”

“குடிச்சாரா, ஃபாதர்?”

அவர் டிவி பக்கம் திரும்பிக்கொண்டார். “இல்ல. வாங்கிக்கல.”

மறுநாள் காலையில் வார்டில் திரைச்சீலையைத் துவைக்கக் கழற்றியிருந்தார்கள். கண்ணாடி வழியாக உள்ளே தெரிந்தது. கையிலும் காலிலும் நரம்பு கிடைக்காமல் நர்ஸ் அவன் தலையில் ஊசிக்கு இடம் தேடிக்கொண்டிருந்தாள். கன்னத்தில் பிளாஸ்திரியை மாற்றி மாற்றி ஒட்டியதில் தோல் உரிந்து சிவந்திருந்தது. ஊசி ஏறியபோது அவன் வாயைத் திறந்தான். முகம் முழுக்கச் சுருங்கியது, மூடிய கண்கள் இடுங்கின, நெஞ்சு எக்கியது. அழுகிறான். தொண்டையில் குழாய் இருந்ததால் சத்தம் வரவில்லை. தங்கை அவனைப் பார்க்கவில்லை. அவள் மெஷினில் ஓடும் எண்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதேன். எனக்குச் சத்தம் வந்தது. வராந்தாவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள்.

நான் கை கழுவினேன். போர்டில் போட்டிருந்தபடி விரல் இடுக்கெல்லாம் தேய்த்தேன். பட்டறைப் பசை நகக்கண்ணில் இன்னும் ஒட்டியிருந்தது. அங்கியை மாட்டி, குப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

தங்கை திரும்பினாள். முதலில் என் கையைத்தான் பார்த்தாள்.

“யாரு உன்ன வரச் சொன்னா?”

மாப்பிள்ளை எனக்குப் பின்னால் கதவோரம் நின்றிருந்தார். “யாரும் சொல்லல. நானாத்தான் வந்தேன்” என்றேன்.

“வெளிய போ.”

“போதும்மா. அவனுக்கு வலிக்குது.”

“அவன் நல்லா இருக்கான். நீ வர்ற வரைக்கும் நல்லாத்தான் இருந்தான்.”

நான் குப்பியைப் பெட்டியின் மேல் சாம்பிராணிப் பொட்டலத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். அவள் அதைத் தட்டிவிடுவாள் என்று நினைத்தேன். தட்டவில்லை. வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, நர்ஸிடம், “குழாய எடுக்கச் சொல்லுங்க” என்றாள். குரலில் ஒன்றுமே இல்லை, கடையில் சில்லறை கேட்கிற மாதிரி கேட்டாள். டாக்டரம்மா வந்தாள். அங்கியில் நின்ற என்னைப் பார்த்து, “அண்ணனா?” என்றாள். அடையாளம் தெரிந்ததும் அவள் முகம் மாறிவிட்டது. பிறகு என்னிடம் எதுவும் கேட்கவில்லை.

பிள்ளையை மடியில் கொடுத்தார்கள். குழாய் இல்லாத அவன் முகத்தை அப்போதுதான் முதல்முறையாகப் பார்த்தோம். எங்கள் அப்பாவின் மோவாய் அவனுக்கு. மாப்பிள்ளை அவன் காலைத் தொட்டுக்கொண்டு நின்றார். நான் கை நீட்டினேன். ஒருமுறை தொட்டுப் பார்க்கத்தான். தங்கை முந்தானையால் அவனை மூடிக்கொண்டாள். கொஞ்ச நேரம் அவள் சேலை ஏறி இறங்கியது. அப்புறம் இல்லை.

அடக்கத்துக்கு எல்லோரும் வந்தார்கள். சவப்பெட்டியை மாப்பிள்ளை ஒரு கையிலேயே தூக்கிக்கொண்டு போனார். போளத்தை உள்ளே வைத்தது யார் என்று நான் பார்க்கவில்லை. வீட்டில் துக்கம் கேட்க வந்தவர்களிடம் மாப்பிள்ளை பேசிக்கொண்டிருந்தது அடுப்படியில் இருந்த எனக்குக் கேட்டது. “டாக்டருங்க பாத்துக்கிட்டுத்தான் இருந்தாங்க. அதுக்குள்ள மச்சான் உள்ள வந்துட்டாரு.” யாரோ உச்சுக்கொட்டினார்கள். அத்தை மறுத்துப் பேசவில்லை. அவர்கள் கெட்டவர்கள் இல்லை. ரத்தக் கசிவின் மேல் கோபப்பட்டு என்ன செய்வது? கோபப்பட ஓர் ஆள் வேண்டியிருந்தது, நான் கைக்கெட்டும் தூரத்திலேயே இருந்தேன். என் வீட்டுக்காரி என்னைப் பார்த்தாள், சொன்னேன் இல்லையா என்று கேட்கவில்லை. பெரிய மனசு அவளுக்கு.

தங்கை என்னிடம் பேசுவதில்லை. சண்டையாவது போட்டிருக்கலாம். கோயிலில் எதிரே வந்தால் என் தோளுக்கு மேலே எதையோ பார்த்துக்கொண்டு நடந்துபோவாள்.

பிறகு அவளுக்கு ஒரு பெண் பிறந்தாள். மாதம் நிறைந்து, நல்ல எடையோடு. கர்ப்பமாக இருந்ததையே நான் மூன்றாம் மனிதர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். சொன்ன அன்றே மூலிகைக் கடைக்குப் போய் ஒரு கட்டி வாங்கினேன். எனக்கு வெட்கமே இல்லை என்று வீட்டுக்காரி சொன்னாள், சரிதான். பிறந்த செய்தியை அத்தைதான் போனில் சொன்னாள். பொன் போய்விட்டது, சாம்பிராணி கொளுத்தியாகிவிட்டது.

“நான் எப்ப வரட்டும், அத்த?”

“உன்ன வர வேணாம்னு சொல்லிட்டா.”

“இப்ப வேணாமா, எப்பவுமேவா?”

“என்னக் கேக்காதடா” என்று போனை வைத்துவிட்டாள்.

அந்தப் பெண் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். அவள் பிறப்பு இன்னும் முடியவில்லை, நான் போகாததால். காய்ச்சல் வந்தால் சரியாகிவிடுகிறது, விழுந்தால் எழுந்துவிடுகிறாள். எல்லாம் நான் போகாததால். என் தங்கை அப்படித்தான் நினைக்கிறாள் என்று எனக்குத் தெரியும். பைத்தியக்காரத்தனம் என்று எனக்கும் தெரியும். இருந்தும், தெருவில் அந்தப் பெண்ணின் பள்ளி வேன் வந்தால் நான் சட்டென்று பக்கத்துக் கடைக்குள் நுழைந்துகொள்கிறேன்.

போன வாரம் மாப்பிள்ளை எங்கள் தெருவில் வண்டிக்குப் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தார். அந்தச் சமயத்தில் அவர் பெண் நடந்து வந்து என் பட்டறை வாசலில் நின்றாள். அவ்வளவு பக்கத்தில் அவளை நான் பார்த்ததில்லை. அவளுக்கும் எங்கள் அப்பாவின் மோவாய். துணி போடாத சோபாவின் ஸ்பிரிங்குகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இது மேல குதிக்கலாமா?”

“குத்தும்மா.”

“நீங்க யாரு?”

“சோபா தைக்கிறவன்.”

அவள் ஒரு காலை எடுத்து வாசற்படிக்குள் வைத்தாள். நான் பின்னால் நகர்ந்தேன். ஃபோம் அடுக்கு முதுகில் இடிக்கும்வரை நகர்ந்தேன்.

“உள்ள வராத, பாப்பா.”

“ஏன்?”

“ஊசி கெடக்கு.”

அவள் குனிந்து தரையைத் தேடினாள். காலையில்தான் கூட்டிப் பெருக்கியிருந்தேன், ஓர் ஊசிகூட இல்லை. அதற்குள் மாப்பிள்ளை தெருவிலிருந்து கூப்பிட்டார். நான் உள்ளே இருப்பதைப் பார்த்துவிட்டு, இன்னும் சத்தமாகக் கூப்பிட்டார். அவள் ஓடினாள். அவர்கள் வண்டி தெரு முனை திரும்பும்வரை நான் இரண்டு கைகளையும் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றேன். கையில் ஒன்றும் இல்லை.